தாகத்தின் உரிமையும் பாசனத்தின் உரிமையும்



சென்ற கோடையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை மக்தபுக்கு அழைத்து வந்த தாய் ஒருவர் வாசலிலேயே நின்று நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், எங்க சந்துக்கு இப்ப லாரித் தண்ணிதான் வருதுங்க. பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல எறைக்கறது. வெவசாயத்துக்குன்னு குடுக்கற இலவசக் கரண்டுல எறைச்சு விக்கறாங்கன்னு எம் பையன் சொல்றான். அந்தத் தண்ணியில உளூ செஞ்சா தொழுகை கூடுமாங்க?"

உளூ கூடும், தொழுகையும் கூடும் என்று கூறி அனுப்பி வைத்தோம். ஹனஃபி மத்ஹபில் உளூவுக்கு வேண்டியது தூய்மையான நீர். அது பிறரிடமிருந்து அபகரித்த நீராகவே இருந்தாலும், பயன்படுத்தியதற்கான பாவம் தனியே நிற்கும், உளூ நிறைவேறிவிடும். ஹன்பலி மத்ஹபின் அறிஞர்கள் இதில் மாறுபடுகின்றனர். ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வி உளூவோடு முடிந்துவிடுவதன்று. வயலுக்கென்று வெட்டப்பட்ட கிணற்றில், வயலுக்கென்று திறந்துவிடப்பட்ட வாய்க்காலில், வயல் இல்லாதவருக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் ஊர்களில் பாதிக் குடும்பங்கள் இக்கேள்வியின் மேல்தான் அன்றாடம் வாழ்கின்றன, கேட்பவர்தான் அரிது. நம்மிடம் வரும் மஸ்அலாக்களில் பெரும்பாலானவை நிகாஹ், வட்டி, வாரிசுரிமை ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும். தண்ணீரைப் பற்றி ஒரு தாய் கேட்டது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

துடியலூர் 2011-இல் கோவை மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை பேரூராட்சியாக இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் இன்று அடுக்ககங்கள் நின்றாலும், ஊரின் அடிப்படை விவசாயமே. கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் என்று பொருளன்று. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் என்று பொருள். மழையை நம்பியது காடு. ஆறும் வாய்க்காலும் பாய்வது வயல். எனவே தோட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கிணறு இருக்கிறது. அக்கிணறு ஒருபோதும் பயிருக்கு மட்டும் இறைத்ததில்லை.

மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடும். குழாயிலிருந்து விழும் நீர் முதலில் தொட்டியில் நிறையும். பிறகே வாய்க்காலில் இறங்கி வாழைக்கோ மஞ்சளுக்கோ போகும். அந்தத் தொட்டிக்கும் வாழைக்கும் இடையில்தான் ஊர் வாழ்ந்தது. குடங்களுடன் பெண்கள் வருவார்கள். துவைகல்லில் துணி அடிக்கும் ஓசை கேட்கும். பக்கத்துத் தொட்டியில் மாடும் எருமையும் நீர் குடிக்கும். சிறுவர்கள் குழாயின் கீழ் தலையை நீட்டிக் கூச்சலிடுவார்கள். யாரேனும் வீடு கட்டினால் சுவருக்கு விடும் தண்ணீரும் அங்கிருந்தே போகும். வீட்டுப் புறத்தில் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இரண்டு குடம் சேர்த்து எடுத்துச் செல்வார்கள். சற்று மேற்கே, தடாகம் பள்ளத்தாக்கில், செம்மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுக்கவும் கிணற்று நீரே பயன்பட்டது. இவற்றில் எதுவும் விவசாயக் கணக்கில் ஏறுவதில்லை.

நம் மக்தபின் கதையும் இதுவே. பெரிய பள்ளிவாசல்களில் பத்துக்குப் பத்து முழத்தில் ஹவுள் கட்டுவார்கள். அந்த அளவுள்ள நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறமோ மணமோ சுவையோ மாறாத வரை அது தூய்மையானதே என்பது ஹனஃபி சட்டம். நம்முடையது அவ்வளவு பெரிதன்று. சிமெண்டுத் தொட்டி என்பதே பொருத்தம். பல ஆண்டுகள் அதை நிறைத்தது பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. அத்தோட்டத்துக் கவுண்டர் ஐயாவிடம் மாதம் ஒரு தொகை தருவதாக ஜமாஅத் பெரியவர்கள் சென்று பேசியபோது, அவர் சிரித்துவிட்டார். "தண்ணிக்கு என்னுங்க பாய் காசு? வாழைக்குப் போற தண்ணி, கொளந்தைங்க கை காலு கழுவறதுனால கொறைஞ்சா போயிரும்?" என்றார். அவர் மறைந்த பின் தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். பில்லூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாளில் நம் தொட்டி நிறைகிறது. வராத நாளில் நாமும் லாரிக்குச் சொல்கிறோம்.

கவுண்டர் ஐயா தம் பெருந்தன்மையால் கூறியதை நம் ஃபிக்ஹு நூல்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. நீர் பற்றிய பாடத்தில் இரண்டு சொற்கள் வரும். ஒன்று ஷிர்ப், நிலத்திற்கும் பயிருக்கும் நீர் பாய்ச்சும் உரிமை. மற்றொன்று ஷஃபா. அதன் நேர்ப் பொருள் உதடு. மனிதனும் கால்நடையும் உதடு வைத்து அருந்தும் உரிமை. (மறுமையின் ஷஃபாஅத்துடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாணவர்கள் ஆண்டுதோறும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா நூலில் இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) அவர்கள் நீரை வகை வகையாகப் பிரித்துச் சட்டம் கூறுகிறார்கள். அவர்கள் பிறந்த ஃபர்கானா, வாய்க்கால் பாசனத்தால் வாழும் பள்ளத்தாக்கு, கி.பி. 1197-இல் மறைந்த அப்பெருந்தகைக்கு மதகும் கரையும் ஏட்டுச் சொற்களாக இருந்திருக்க மாட்டா. கடல் நீரும் பேராறுகளும் எல்லோருக்கும் பொது. சிலர் சேர்ந்து வெட்டிப் பங்கிட்டுக்கொண்ட வாய்க்காலில் பாசன உரிமை அந்தப் பங்காளிகளுக்கே. அவர்கள் அனுமதியின்றி வேறொருவர் தம் நிலத்திற்குத் திருப்ப இயலாது. ஆனால் அதே வாய்க்காலில் ஷஃபா உரிமை எல்லோருக்கும் நிலைத்திருக்கும். குடிக்கலாம், கால்நடைக்குக் காட்டலாம். உளூ செய்யவும் துணி துவைக்கவும் நீர் எடுக்கலாம் என்பதே சரியான கருத்து. இன்னும் ஒரு படி சென்று, தன் வீட்டிலுள்ள மரத்திற்கோ கீரைக்கோ குடத்தில் சுமந்து சென்று ஊற்றலாம் என்பதையும் மிகச் சரியான கருத்தாக அந்நூல் ஏற்கிறது. முருங்கைக்கு இரண்டு குடம் எடுத்துச் சென்ற நம் பாட்டிமார் சட்டத்திற்கு உட்பட்டே நடந்திருக்கிறார்கள்.

கிணறு தனியார் நிலத்தில் இருந்தால்? அருகில் வேறு நீர் கிடைக்குமாயின் நில உரிமையாளர் தம் நிலத்துக்குள் நுழைவதைத் தடுக்கலாம். வேறு நீர் இல்லையெனில் அவருக்கு இரண்டே வழிகள்: தாமே நீரை வெளியில் கொண்டு வந்து தர வேண்டும், அல்லது கரையை உடைக்காமல் எடுத்துச் செல்லும்படி உள்ளே விட வேண்டும். கரையை உடைக்காமல் என்ற நிபந்தனை முக்கியமானது. தாகத்தின் உரிமை பாசனத்தின் உரிமைக்கு முந்தியது. ஆனால் பாசனத்தைப் பாழாக்கும் உரிமை அதற்கு இல்லை.

இனி அந்தச் சகோதரியின் லாரிக்கு வருவோம். ஹனஃபி சட்டப்படி கிணற்றுக்குள் கிடக்கும் நீர் எவருக்கும் சொந்தமன்று. இறைத்துப் பாத்திரத்தில் சேர்த்த பின்னரே அது இறைத்தவரின் உடைமையாகிறது. அதன் பின் அதை விற்பது ஆகுமானது. எனவே லாரித் தண்ணீருக்கு நாம் தரும் பணம் தன்னளவில் தடுக்கப்பட்டதன்று. சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. தமிழகத்தில் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்திற்கும் 1990 முதல் மின்சாரம் இலவசம். அது பயிருக்கென்று, மக்கள் பணத்திலிருந்து, ஒரு நிபந்தனையுடன் தரப்படுவது. அதாவது ஓர் அமானத். அதைக் கொண்டு நாள்தோறும் லாரி லாரியாக இறைத்து விற்பது அமானத்தைக் கெடுப்பதே. தோட்டத்துக்காரர் தம் வீட்டுத் தேவைக்குக் குடம் நிறைப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை.

ஹிதாயாவின் இன்னோர் இடம் இங்கே நினைவுக்கு வருகிறது. சிறிய வாய்க்கால் ஒன்றில் பெரும் ஒட்டக மந்தை வந்து குடித்தால் நீரே நின்றுவிடும். அப்போது பாசனக்காரர் தடுக்கலாமா? தடுக்கலாகாது என்று ஒரு சாராரும், தடுக்கலாம் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றின் வாயில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்க்கும்போது அந்த மந்தைதான் நம் கண்முன் நிற்கிறது. இரண்டாம் சாராரின் கருத்தே இக்காலத்திற்குப் பொருந்தும் என்பது நம் எண்ணம். தாகம் தீர்க்கும் உரிமையின் பெயரால் பக்கத்துத் தோட்டங்களின் கிணறுகளை வற்றச் செய்ய எவருக்கும் இடமில்லை. அத்தாயும் தெருவாரும் செய்யக்கூடியது, மின் இணைப்பு முறையாக உள்ள இடத்திலிருந்து தண்ணீர் கொண்டு வரும்படி லாரிக்காரரிடம் கேட்பது. கேட்டால் சில ரூபாய் கூடும், கூடட்டும்.

கிணற்றை விட்டு வாய்க்காலுக்குச் சென்றால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. நமக்கு வடகிழக்கே, பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அணை 1955-இல் நிறைவுற்றது. வாய்க்கால் மண்ணில் வெட்டப்பட்டது. மண் வாய்க்கால் கசியும். அந்தக் கசிவு ஓடைகளிலும் குட்டைகளிலும் சேர்ந்து, கரையோரக் கிராமங்களின் கிணறுகளில் ஊறி, இரண்டு தலைமுறைகளாக வீடுகளுக்குக் குடிநீராகவும் ஆடு மாடுகளுக்கு நீராகவும் இருந்து வருகிறது. ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலித் தொழிலாளியின் வீட்டுக் குடத்தில் இருப்பதும் கீழ்பவானி நீர்தான்.

சுமார் 710 கோடி ரூபாயில் இவ்வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் அமைக்கும் திட்டத்தை அரசு முன்வைத்தபோது, விவசாயிகளே இரு பிரிவாயினர். கடைமடைக்காரர்கள் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு நீர் போய்ச் சேருவதில்லை என்பது உண்மை. கசிவை நம்பியிருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். தம் கிணறுகளும் குடிநீரும் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். உண்ணாவிரதம், ஆர்ப்பாட்டம், உயர் நீதிமன்ற வழக்கு என்று அது நீண்டது.

இதில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புக் கூற நாம் பொறியாளர் அல்லர். ஆயினும் கடைமடைக்காரரின் வழக்கு நம் மார்க்கத்தில் மிகப் பழையது. மதீனாவின் ஹர்ரா நிலத்து வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டபோது, மேலே உள்ளவர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் முதலில் தீர்த்தார்கள். இது புகாரியில் உள்ளது. மஹ்ஸூர் ஓடையின் நீரில், கணுக்கால் அளவு தேக்கிய பின் கீழே விட வேண்டும் என்ற தீர்ப்பை முவத்தாவிலும் அபூதாவூதிலும் காணலாம். எனவே மேல்மடைக்காரர் வேண்டியதைவிட அதிகம் பிடித்து வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கசிவு வேண்டும் என்று வாதிடுவது எடுபடாது. மறுபுறம், கசிவு நீர் அனைத்தும் வீண் என்று காகிதத்தில் கழித்துவிட்டுச் சேமிப்புக் கணக்குக் காட்டுவதும் நீதியன்று. அந்த வீண் நீரை யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே உடவளவைப் பாசனத் திட்டத்தில் வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் இட்ட பின் நிலத்தடி நீர் இறங்கியதையும், குடும்பங்கள் நம்பியிருந்த ஆழமற்ற கிணறுகள் பாதிக்கப்பட்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். பாகிஸ்தானின் தெற்குப் பஞ்சாபில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்கள் பல உண்டு. அங்கே டிக்கி எனப்படும் ஊர்க் குளத்தை வாய்க்கால் நீரால் நிறைத்துத்தான் குளிப்பும் துவைப்பும், சில இடங்களில் குடிப்பும்கூட. வாய்க்கால் அடைக்கப்படும் வாரங்களில் பயிர் பொறுத்துக்கொள்ளும். வீடு எப்படிப் பொறுக்கும்?

ஓமனில் பணிபுரியும் நம் சகோதரர்கள் அங்குள்ள ஃபலஜ் வாய்க்கால்களைக் கண்டிருப்பார்கள். மலையடிவார நீரைச் சுரங்கம் வழியே ஊருக்குக் கொண்டு வரும் பழைமையான பாசன முறை அது. அவற்றுள் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஃபலஜ் ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் இருப்பது குடிநீர் எடுக்கும் துறை. அடுத்துப் பள்ளிவாசலும் உளூ செய்யும் இடமும் குளிக்கும் இடங்களும். அவற்றைக் கடந்த பிறகே பேரீச்சந் தோப்புகளில் பங்கீடு தொடங்குகிறது. ஷஃபா முதலில், ஷிர்ப் பிறகு என்ற சட்டத்தை அங்கே கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் பெரும் வாய்க்கால்களை வரைந்தவர்களோ ஏக்கரை மட்டுமே கணக்கிட்டார்கள். படித்துறையும் மாடு இறங்கும் சரிவும் வாய்த்த இடத்தில் வாய்த்தன.

உரிமை பேசியபின் கடமையைப் பேசாமல் விட முடியாது. நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயல்களாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இன்று நம் வாய்க்கால்களில் கலப்பது மலஜலம் மட்டுமன்று. காலிங்கராயன் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் ஈரோட்டைக் கடக்கும்போது சாயக் கழிவும் தோல் கழிவும் அதில் கலந்த கொடுமையைக் கொங்கு நாடே அறியும். தோல் தொழில் தமிழகத்தில் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாகச் செய்து வருவது. ஆகவே இதைச் சொல்லும்போது பிறரை நோக்கி விரல் நீட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்திற்கென்று கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் தேங்கியபோது, விவசாயிகளே தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. ஷிர்ப், ஷஃபா இரண்டையும் ஒரே கழிவு அழித்தது. கால்நடைகூட வாய் வைக்காத நீர் யாருடைய பங்கு?

வீட்டளவிலும் கடமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அது இன்றைய அளவில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை என்று பலவாறு கணக்கிடுவர். மக்தபில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து உளூ செய்யச் சொன்னோம். பெரும்பாலோர் கால்களுக்கு வரும் முன்பே பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு விரல்கடை மிச்சம் வைத்துக் காட்டினாள். அந்த மிச்சத்தை வாசலிலுள்ள துளசிக்கு ஊற்றலாமா, செம்பருத்திக்கு ஊற்றலாமா என்று பெரிய விவாதம் நடந்தது.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டிஎம்சி அளவில், காலிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே மேலேற்றப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நம் வடக்கே அன்னூர்ப் பகுதிக் குட்டைகளும் அவற்றுள் அடங்கும். 24,468 ஏக்கர் பயன்பெறும் என்று அறிவிப்பில் உள்ளது. அக்குட்டைகளின் கரையில் எத்தனை வீடுகள் கிணற்றை நம்பியுள்ளன, எத்தனை மாடுகள் இறங்குகின்றன, எந்தத் துறையில் பெண்கள் துவைக்கிறார்கள் என்பதை அந்தந்த ஊரார்தான் கூற முடியும்.

கூறுவதற்கு இடமும் உண்டு. தமிழகத்தில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அன்னூர், அவிநாசி வட்டாரங்களில் வாழும் நம் ஜமாஅத்தார், ஊரின் மற்ற சமூகத்துப் பெரியவர்களோடு சேர்ந்து, தம் குட்டையின் வீட்டுப் பயன்பாடுகளை ஒரு தாளில் எழுதிச் சென்று தீர்மானமாகப் பதியக் கேட்கலாம். மாடு இறங்க ஒரு சரிவு, துவைக்கத் தனியே ஒரு படித்துறை, கழிவுநீர்க் குழாய் கலக்காமை: இம்மூன்றைக் கேட்டாலே போதும். பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் படியில் வழுக்கும், எந்த மாதத்தில் கிணறு உவர்க்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.